ஐந்து ஆள் காற்று

கச்சேரியிலிருந்து வந்த படிவத்தில் நான்கு கட்டங்கள்:
திகதி, திசை, வேகம், சேதம்.
எண்பதாம் ஆண்டிலிருந்து அப்புத்தளையில் வீசிய
கடுங்காற்றுகளையெல்லாம்
வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.

திசை சுலபம்.
தெற்குப் பள்ளத்திலிருந்து ஏறி வரும்,
கடைவீதியைக் குறுக்கே கடந்து வடக்கே இறங்கிப் போகும்.
எங்கள் ஊர் அதற்குக் கதவில்லாத நிலை.

பெயரில்தான் சிக்கல்.
மட்டக்களப்பிலிருந்து மாற்றலாகி வந்த கணக்காளர் கச்சான் என்கிறார்.
யாழ்ப்பாணத்து டீச்சர் சோளகம் என்கிறார்.
லயத்தில் அதற்குப் பெயரே கிடையாது.
"வந்துருச்சு" என்பார்கள்.
எது என்று யாரும் கேட்பதில்லை.

திகதி தேடி நிஸ்தார் நானாவின் ஹார்ட்வெயாருக்குப் போனேன்.
அவருடைய வாப்பா காலத்துப் பில் புத்தகங்கள்
பெயின்ட் டின்களுக்குப் பின்னால்,
எலி தின்றது போக இருபத்தாறு.
"காத்த நாங்க எழுதல்ல தங்கச்சி, ஆணியத்தான் எழுதின."

மற்ற மாதங்களில் அரை றாத்தல், ஒரு றாத்தல்.
ஜூன் பிறந்தால்
ஒரே காலையில் அறுபது றாத்தல் கூரை ஆணி,
எல்லாம் கடன், எல்லாம் பெருவிரல் மை.
எண்பத்தொன்று ஜூலை பதினாலு, செவ்வாய்: எழுதினேன்.
எண்பத்திரண்டில் இரண்டு: எழுதினேன்.
எண்பத்து மூன்று, ஜூலைக் கடைசி,
ஒரு பக்கம் நிறைய ஆணி, பலகை, பூட்டு.
பேனாவை வைத்தேன்.
"அது காத்தில்ல" என்றார் நானா.
பக்கத்தை அவரே புரட்டினார்.

சேதக் கட்டம் இரண்டு விரல் அகலம்.
ஏழாம் லயத்தில் பதினொரு தகரம்.
அம்மன் கோயில் பந்தல், கம்போடு.
செபமாலை வீட்டுச் சேவல் ஒன்று, பிறகு கிடைத்தது.

வேகம்தான் யாரிடமும் இல்லை.
நகரசபை மாடியில் ஒரு கருவி இருந்ததாம்,
நான்கு கிண்ணங்கள் சுழலுமாம்.
முதல் பெருங்காற்று
கிண்ணங்களைக் கொண்டுபோய்விட்டதாம்.

ஆனால் கீழ்க்கணக்கில் ஓர் அளவு உண்டு.
தகரம் கிளம்பாமலிருக்கக்
கூரைமேல் எத்தனை பேர் உட்கார வேண்டும் என்பது.
இரண்டு ஆள் காற்று வருஷம் தவறாது.
மூன்று ஆள் காற்றுக்குப்
பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில்.
ஐந்து ஆள் காற்று
எனக்குத் தெரிய ஒரே ஒரு தடவை.

தொண்ணூற்று இரண்டு. எனக்கு ஒன்பது வயது.
மேலே அப்பாவும் இருளாண்டியும்
சடையன் மக்கள் இரண்டு பேரும் மருதை மாமாவும்.
தகரத்தின் வழியே அவர்கள் பேச்சு கேட்டது.
யாரோ பீடி கேட்டார். யாரோ சிரித்தார்.
அப்புறம் காற்று மட்டும் பேசியது.

விடிந்ததும் ஏணியில் நாலு பேர் இறங்கினார்கள்.
மாமா
ஆறாம் நம்பர் மலையில், கானோரம்,
தேயிலைக்குள் கிடந்தார்,
தகரத்தை இறுக்கிப் பிடித்தபடி.
முன்பல் ஒன்றைக் காணோம்.
"தகரம் தோட்டத்துது, எறக்கி வை" என்றார் கணக்கப்பிள்ளை.
"பல்லு யாருது?" என்றார் மாமா.
அன்று ஐந்து பேருக்கும் பேர் விழவில்லை,
பெரட்டுக்குப் பிந்திவிட்டார்களாம்.

பதுளையிலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள்:
ஆள் என்று ஓர் அலகு கிடையாது,
மணிக்குக் கிலோமீற்றர்.
வெறுமையாய் விட்டால் கணினி ஏற்கவில்லை,
கட்டம் சிவந்து சிவந்து அணைந்தது.
பூச்சியம் போட்டேன்.
அறுபத்து மூன்று வரிக்கும் பூச்சியம்.
உடனே ஏற்றுக்கொண்டது.

பஸ்ஸுக்குப் போகும்போது
நிஸ்தார் நானா வாசலில் ஆணிப் பெட்டிகளை
அடுக்கிக்கொண்டிருந்தார்.
மே மாதம் முடிய இன்னும் ஒரு கிழமை.
"இந்த வருஷம் கூடவா நானா?"
"கூடத்தான். பொடியன்மார் எல்லாம் கொழும்புல.
கூரையில குந்த ஆளெங்க?"